அரண்மனையில் மூணாம் நாள்

இப்ப ஒண்ணு இறங்குச்சு. இல்ல, இறங்கல, வேர்வையா இருக்கும். வேர்வைன்னா கழுத்துல வரும், முதுகுல வரும், அங்க எதுக்கு வருது. அசையாத கோகிலா, அப்படியே நில்லு, இன்னொருக்கா வருதான்னு பாப்போம். வரல. பாத்தியா, ஒண்ணும் இல்ல, நீயா நெனச்சுக்கற. காதுக்குள்ள ஜெயசீலன் பேசிக்கிட்டே இருக்கான். எங்க டூர் மேனேஜர். ஆளுக்கொரு கருவியக் கழுத்துல மாட்டி வயரைக் காதுல சொருகி விட்டுட்டான், அவன் எந்த மூலைல நின்னு பேசினாலும் நம்ம மண்டைக்குள்ளயே குடியிருக்கற மாதிரி கேக்குது. வியன்னாவுல கண்டிப்பாப் பாக்க வேண்டியது இந்த ஷோன்ப்ருன் அரண்மனையாம், அரண்மனைல கண்டிப்பாப் பாக்க வேண்டியது இந்தக் கண்ணாடி ரூமாம். மொசார்ட் ஆறு வயசுல இங்க வந்து மகாராணிக்கு முன்னால வாசிச்சானாம், வாசிச்சு முடிச்சதும் தாவி அந்தம்மா மடியில ஏறி உக்காந்துக்கிட்டான்னு ஒரு கதை சொல்லுவாங்களாம். மடியில ஏறி உக்கார ஒரு குழந்தை. சரி, அத விடு. சுத்தியும் தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி, ஈரோட்டுல இருந்து வந்த மொத்த பஸ்ஸும் அதுல தலையச் சரி பண்ணிக்கிட்டு நிக்குது, நான் மட்டும் கழுத்தத் திருப்பி என் பின்பக்கத்தப் பாத்துக்கிட்டு நிக்கறேன். வெளிர் மஞ்சள் சுடிதாரு. எந்தப் புத்தி கெட்டவளாவது இன்னிக்கு மஞ்சள் போடுவாளா. கோட்டு இருந்தா மறைச்சிருக்கும், அதையும் வாசல்லயே கழட்டிக் குடுத்தாச்சு. கறை ஒண்ணும் தெரியல. கண்ணாடிக்குள்ள அத்தை தெரியறாங்க, என் மாமியாரு, ஒரு கை நீளம் தள்ளி, பட்டும் படாம. மூணு நாளா அந்த ஒரு கை நீளம்தான். அவங்களுக்குத் தெரியாது, ஊர்ல இருக்கற எம் புருஷனுக்குத் தெரியாது, என்னப் பெத்தவளுக்குத் தெரியாது, என் வயித்துல ஒரு உசுரு இருக்குன்னு இந்த உலகத்துல எனக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அது இப்ப போயிட்டிருக்கா இல்லையாங்கறதுதான் எனக்குத் தெரியல.

அடுத்த ரூமுக்கு நகரச் சொல்றான். நட, மெதுவா நட, தொடைய ஒட்டி வெச்சு நட. முந்தாநாள் காலைல வாயத் தொறந்து அப்படியொரு பொய்யச் சொன்னேனே, அப்பவே நாக்கக் கடிச்சிருக்கோணும். ஓட்டல் ரூம்ல பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டு, கொழாயத் தொறந்து விட்டுட்டு வாந்தி எடுத்தேன். தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சேன். வெளிய வந்தா அத்தை கட்டில் மேல உக்காந்து என்னையே பாக்கறாங்க. அவங்க கண்ணுல ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்த எனக்கு நல்லாத் தெரியும், ரெண்டு தடவ பாத்திருக்கேன், ரெண்டு தடவயும் அது அணைஞ்சு போனதையும் பாத்திருக்கேன். என்ன கண்ணு, ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குதான்னு கேட்டாங்க. அந்த நிமிஷத்துல எனக்கு என்ன தோணுச்சோ, தூரமாயிட்டேனுங்கத்தைன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாதில்ல. ஒரே வார்த்தைல எல்லாச் சந்தேகத்துக்கும் பூட்டு. வாந்திக்குக் காரணம் ஆச்சு, சோர்வுக்குக் காரணம் ஆச்சு, படி ஏற மாட்டேன்னு சொல்லக் காரணம் ஆச்சு. அத்தை பெட்டில இருந்து எடுத்து மேஜை மேல வெச்சிருந்த முருகன் படத்த ஒரு துண்டுல சுத்தித் திரும்பப் பெட்டிக்குள்ள வெச்சாங்க. அந்த ஓட்டல்ல ரெண்டு ஒத்தக் கட்டில ஒண்ணாச் சேத்துப் போட்டு ரெட்டக் கட்டில்னு பேர் வெச்சிருக்கான். அத்தை எந்திரிச்சு அவங்க கட்டில இழுத்தாங்க. கனமான கட்டிலு, கார்ப்பெட்டுல நகர மாட்டேங்குது. நான் கை குடுக்கப் போனா, வேண்டாம், நீ சும்மா இருன்னுட்டு, இடுப்பு வலியோட தனியா இழுத்து, நடுவுல ஒரு சந்து விட்டாங்க. கோவத்துல இல்ல. அவங்க அப்படி வளந்தவங்க. இழுத்து முடிச்சு மூச்சு வாங்கிட்டு, சுடுதண்ணி குடி கண்ணுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்.

பொய்னா சும்மா சொல்லிட்டு விட முடியுதா. நடிக்கோணும். தெனமும் ஒரு நாப்கினப் பிரிச்சு, ஒண்ணுமே ஆகாதத, பேப்பர்ல சுருட்டிக் குப்பைக் கூடைல போட்டேன், அத்தை பாக்கற மாதிரி. இன்னிக்குக் காலைல அவங்க பாத்ரூம் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாங்க, அதனால ஒண்ண நெசமாவே வெச்சுக்க வேண்டியதாப் போச்சு. பொய்க்கு வெச்சது. இப்ப அது நனையுதா நனையலையான்னு இந்த அரண்மனைல நின்னு யோசிக்கறேன். அத்தையே அடிக்கடி சொல்லுவாங்க, வாயில நல்லதே வரோணும், மேல தேவதைங்க ஆகட்டும் ஆகட்டும்னு சொல்லிக்கிட்டே சுத்திக்கிட்டிருக்கும், நம்ம வாயில எந்த வார்த்தை வர்ற நேரம் அது மேல போகுதோ அது பலிச்சிரும்னு. நான் சிரிப்பேன். எம்.காம். படிச்சவ, இதையெல்லாம் நம்புவேனா. இப்ப நம்பறேன். ஈரோட்டு மேல சுத்தற தேவதை வியன்னாவுக்கு எதுக்கு வருது, அதுக்கு இங்க என்ன வேலை, இங்க அதுக்குத் தமிழ் தெரியுமான்னு எனக்கு நானே கேட்டுக்கறேன், ஆனா சிரிப்பு வரல. தூரமாயிட்டேன்னு நானே எம்பட வாயால சொன்னேன். யாரும் கட்டாயப்படுத்தல.

இந்த ரூம் பூரா நீலக் காகிதம் ஒட்டியிருக்கு, சீனாவுல இருந்து வந்ததாம். பக்கத்துல கோபிக்காரம்மா, ரைஸ் மில் வெச்சிருக்கறவங்க, இதுக்கு நம்ம மைசூர் பேலஸே தேவலன்னு நேத்துல இருந்து நாலாவது இடத்துல சொல்றாங்க. பெரிய சர்ச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா அதுக்கும் மைசூர் பேலஸ், ராட்சச ராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போனா அதுக்கும் மைசூர் பேலஸ். எனக்கு அந்தம்மா மேல எரிச்சலா வருது, அப்பறம் பொறாமையா வருது. அவங்களுக்கு இன்னிக்கு இருக்கற ஒரே கவலை மத்தியானச் சோத்துக்கு ரசம் உண்டா இல்லையாங்கறதுதான். ஜெயசீலன்கிட்டப் போயி பாத்ரூம் எங்கன்னு கேட்டேன். கடைசிலதான்க்கா, எல்லா ரூமும் பாத்து முடிச்சு, கடைக்குப் பக்கத்துல வரும், இங்க ஒரே வழிதான், வந்த வழில திரும்ப விட மாட்டாங்கன்னு சொன்னான். இன்னும் எத்தன ரூம்னு கேட்டேன். நெறைய இருக்குக்கா, குடுத்த காசுக்குப் பாக்கோணும்லன்னு சிரிச்சான். சின்னப் பையன், தங்கமான பையன், அவன் என்ன கண்டான். கூட்டத்த முந்திக்கிட்டுப் போலாம்னா முன்னால ஜப்பான்காரங்க நிக்கறாங்க, ஒவ்வொரு நாக்காலிக்கும் நின்னு தலையாட்டிக்கிட்டு. வேகமா நடந்தா இறங்கிருமோ. நின்னா இறங்கிருமோ. நடக்கறதா நிக்கறதான்னு தெரியாம, ஒரு கால் முன்னால, ஒரு கால் பின்னால, நடு ரூம்ல நிக்கறேன்.

மொதத் தடவ இப்படித்தான் நின்னேன், ஆனா எங்க வீட்டு அடுப்படில. தோசக்கல்லு காஞ்சுக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கும் வேர்வைன்னுதான் நெனச்சேன். அதுக்கு முந்தின வாரம்தான் பரணி ஆபீசு பூரா லட்டு குடுத்தாரு. ரெண்டு கோடு வந்த மறுநாளே குடுத்தாரு. பரணி, எம் புருஷன், மனசுல ஒண்ணு வெச்சுக்கத் தெரியாத மனுசன், சந்தோசம்னா வாட்ச்மேனக் கூப்பிட்டுச் சொல்லுவாரு. அப்பறம் அந்த ஆபீசுல ஒவ்வொருத்தர்கிட்டயும் இல்லைங்க, இல்லைங்கன்னு சொல்லவும் அவருதான் வேண்டியிருந்துச்சு. ரெண்டாவது தடவ அத்தைகிட்டயும் எங்கம்மாகிட்டயும் மட்டும் சொன்னோம். மூணு மாசம் முடியட்டும், எவகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கினாங்க, கண்ணு பட்டுரும்னு. அவங்களே மூச்சு விடல. என்ன மாடிப்படி ஏற விடல, பப்பாளிய வீட்டுக்குள்ள விடல, நான் தும்மினாக்கூட வயித்தப் புடிச்சுக்கிட்டுத் தும்முன்னு சொன்னாங்க. அப்பவும் போச்சு. அதே எட்டாவது வாரம். ஆஸ்பத்திரில இருந்து வந்து படுத்திருந்தேன், தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு அத்தை பக்கத்து ரூம்ல போன்ல யார்கிட்டயோ மெதுவா சொன்னாங்க, எங்களுக்குத் தங்கலைங்கன்னு. தங்கல. அந்த ஒத்த வார்த்தை. வந்தவங்க காப்பி குடிச்சுட்டுக் கெளம்பிட்டாங்கங்கற மாதிரி. நான் சரியா உபசரிக்கலையா, பாய் விரிச்சது சரியில்லையா, ஏன் தங்கல. ஒரு வருஷமா அந்த வார்த்தை எனக்குள்ள அப்பப்ப எந்திரிச்சு உக்காருது. இப்பவும் உக்காந்திருக்கு. இந்தா, இப்ப அடிவயித்துல ஒரு இழுப்பு. சுருக்குன்னு. இல்ல, நேத்து நைட்டு தின்ன பிரெட்டு. கேஸா இருக்கும். அன்னிக்கும் கேஸுன்னுதான் சொன்னேன்.

பதினாறு குழந்தைங்கன்னு காதுக்குள்ள சொல்றான். எதுக்குன்னு தெரியாம நிமுந்து பாத்தா செவுரு பூரா பொண்ணுங்க படம். மகாராணி மரியா தெரசாவுக்குப் பதினாறு குழந்தைங்க, இங்க இருக்கறது அவங்க பொண்ணுங்க படம்னு சொல்றான். நாட்டையும் ஆண்டுக்கிட்டு, சண்டையும் போட்டுக்கிட்டு, பதினாறு. எங்க ஆளுங்க எல்லாரும் ஒரே நேரத்துல உச் கொட்டறாங்க. பதினாறும் பெத்துப் பெரு வாழ்வு வாழ்ந்திருக்கு பாருங்கன்னு கோபிக்காரம்மா சொல்லிட்டு, சொன்னதும் என்னப் பாத்து, பாத்ததும் அத்தையப் பாத்து, அப்பறம் மேல தொங்கற விளக்கப் பாக்கறாங்க. கல்யாணம் ஆயி ஆறு வருஷம் ஆனவளுக்கு முன்னால வாய் தவறினா எங்க பாக்கறதுன்னு தெரியாது பாவம். எல்லாமே பொழச்சு வளந்துச்சான்னு அத்தை கேக்கறாங்க, ஜெயசீலன்கிட்ட. மூணு நாளா ஒரு வார்த்தை கேக்காத அத்தை இத மட்டும் கேக்கறாங்க. இல்லைங்கம்மா, அதுல சிலது சின்னதுலயே போயிருச்சுன்னு அவன் சொல்றான். ஐயோ பாவம்னு அத்தை சொல்றாங்க, அந்த மகாராணி நேத்து எங்க தெருவுல இருந்து கெளம்பிப் போன மாதிரி. படத்துல இருக்கற பொண்ணுங்க எல்லாம் ஒரே மூக்கோட, ஒரே நீல கவுனோட நம்மளப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. பாக்காத. அதுங்க கண்ணப் பாக்காத. செத்தவங்க படத்தை இந்த நேரத்துல பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. விஷயத்தச் சொல்லியிருந்தா கூட்டிட்டே வந்திருக்க மாட்டாங்க. சொல்லாததுனால எல்லாத்தையும் பாக்க வேண்டியிருக்கு. நேத்து அந்தப் பெரிய கோயிலுக்கு அடில எலும்பு அடுக்கி வெச்சிருக்கான்னு கூட்டிட்டுப் போனாங்க, தூரம், தல சுத்துதுன்னு சொல்லி நான் மேலயே பெஞ்சுல உக்காந்துக்கிட்டேன். பொய் அங்க எனக்கு ஒதவுச்சு. எனக்கு ஒதவினதுக்கு இப்பக் கூலி கேக்குதோ என்னமோ.

கோயமுத்தூருல அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க, வரிசையா ஞாபகப்படுத்து. ஈரோட்டுல போனா யாராவது பாத்துருவாங்கன்னு, துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு கோயமுத்தூரு போனேன். அவங்க பாத்துட்டு, கருவச் சுத்தின பை தெரியுதும்மா, இதயத் துடிப்பு இன்னும் தெரியற நேரம் வரலன்னு சொன்னாங்க. பயணம் போலாம், பாரம் தூக்காத, மாத்திரையை விட்டுராத, வந்ததும் வா பாக்கலாம்னாங்க. மாத்திரையை வைட்டமின் டப்பாவுல கொட்டி வெச்சிருக்கேன், ஒரு வேளைகூட விடல. பாரம் தூக்கல. கட்டில்கூட அத்தைதான் இழுத்தாங்க. அப்பறம் எதுல தப்பு. ஏன் பரணிகிட்ட சொல்லல. சொன்னா அந்த நிமிஷமே டூரக் கேன்சல் பண்ணிருப்பாரு, மாமா செத்துப் போன பொறவு அத்தை மொதத் தடவயா ஒரு எடத்துக்குப் போறேன்னு வாயத் தொறந்து கேட்டாங்க, பரணி வர முடியாம ஏற்றுமதி ஆர்டர் குறுக்க வந்து, அவருக்குப் பதிலா நான் கெளம்பினேன். அதெல்லாம் வெளிய சொல்லிக்கற காரணம். உள்ள இருக்கற காரணம் வேற. அது இருக்குன்னு யாருக்கும் தெரியலைன்னா, அது போனாலும் யாருக்கும் தெரியாது. நான் மட்டும் அழுதா முடிஞ்சுது. லட்டு குடுத்தவங்ககிட்ட இல்லைங்கன்னு சொல்ல வேண்டாம். தங்கலைங்கன்னு போன் போட வேண்டாம். யார் கண்ணுலயும் வெளிச்சம் வராது, அணையாது. அடி பாவி, அது இருக்கும்போதே அது போறதுக்கு வழி பண்ணி வெச்சுட்டு வந்திருக்கறியே. சாமி, அப்படி நெனச்சு சொல்லல. பயந்துக்கிட்டுச் சொன்னேன். நீ போயிராத. உன்னைய யாருக்கும் சொல்லலங்கறதுக்காக வேண்டாதவன்னு நெனச்சுக்காத. உன்னைய மாதிரி இந்த உலகத்துல நான் எதையும் வேணும்னு கேட்டதில்ல.

செவப்பு வெல்வெட்டுக் கட்டில் ஒண்ணு, தங்க ஜரிகை போட்டது, கயிறு கட்டி வெச்சிருக்கான். அந்தச் செவப்பப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஜெயசீலன் அதப் பத்தி என்னமோ சொல்றான், எனக்கு அவன் குரலே வேண்டாம்னு காதுல இருந்து வயரப் புடுங்கினேன். திடீர்னு அமைதி. அந்த அமைதில அடிவயிறு இன்னும் சத்தமா இழுக்குது. மறுபடியும் இறங்குச்சு. இது வேர்வை இல்ல. இது வேர்வை இல்லடி, உனக்குத் தெரியும். ஜப்பான்காரங்களத் தள்ளிக்கிட்டு நடந்தேன், மன்னிச்சுக்கங்கன்னு தமிழ்ல சொல்லிக்கிட்டே, அவங்க தலையாட்டிக்கிட்டே வழி விட்டாங்க. பின்னால அத்தை என்ன கண்ணு, என்ன கண்ணுன்னு கூப்பிடறாங்க. திரும்பல. ஒரு ரூம், இன்னொரு ரூம், மேஜை, கடிகாரம், யாரோ ஒரு ராஜா, மறுபடியும் ஒரு கடிகாரம், கடைசில படி. படில கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா இறங்கினேன், நெறஞ்ச பால் செம்பச் சிந்தாமக் கொண்டுபோற மாதிரி.

பாத்ரூமுக்குப் பொம்பளைங்க வரிசை. எந்த நாட்டுல போனாலும் இந்த வரிசை மட்டும் மாறாது போல. முன்னால நின்ன வெள்ளக்காரக் கெழவி என் மூஞ்சியப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம, கையக் காட்டி முன்னால போகச் சொன்னா. உள்ள போயி கொண்டிய மாட்டிட்டு, அப்பறம் ஒண்ணும் செய்யாம நின்னேன். கதவுல முதுகச் சாச்சுக்கிட்டு நின்னேன். பாத்தாத்தான தெரியும். பாக்காத வரைக்கும் அது இருக்கு. இந்த நிமிஷம் வரைக்கும் அது இருக்கு, நான் அதுக்கு அம்மா, அது உள்ள தூங்குது. பாத்துட்டா அந்த நிமிஷம் முடிஞ்சிரும். இப்படியே இந்தக் கதவுக்குள்ள எவ்வளவு நேரம் நிக்கலாம். வெளிய தட்டறாங்களா, இல்ல, பக்கத்துக் கதவு. அம்மான்னு கூப்பிடலாம்னா அம்மா ஈரோட்டுல சீரியல் பாத்துக்கிட்டிருப்பா. முருகான்னு கூப்பிடலாம்னா அவரத் துண்டுல சுத்திப் பெட்டிக்குள்ள போட வெச்சதே நான்தான். யாரையும் கூப்பிட எனக்கு வாயில்ல. பாரு. பாத்துத்தான் ஆகணும். கண்ண மூடிக்கிட்டு நாடாவ அவுத்தேன், அப்பறம் கண்ணத் தொறந்தேன். செவப்பு. ஒரு ரூவாக் காசு அகலத்துக்கு, அதுக்குப் பக்கத்துல சின்னதா இன்னொண்ணு. நிறைய இல்ல. நிறைய இல்லைன்னா என்ன அர்த்தம், மொதத் தடவயும் மொதல்ல நிறைய இல்ல. நான் அழல. அழுதா வயிறு குலுங்கும்னு பயம்.

கதவத் தொறந்தா எதிர்ல அத்தை நிக்கறாங்க. கழுத்துல அந்தக் கருவி தொங்குது, காதுல வயரு, கைல அவங்க பர்ஸுல இருந்து எடுத்த ரெண்டு மாத்திர, வயித்து வலிக்கு. ஒரு கை நீளத்துல நின்னுக்கிட்டு, பக்கத்துல நிக்கற வெள்ளக்காரிங்களுக்குக் கேக்கக் கூடாதுங்கற மாதிரி கொரலத் தணிச்சுக் கேட்டாங்க.

"ரொம்பப் போகுதா கண்ணு?"

"போகக் கூடாதுங்கத்தை," ன்னேன்.

அவங்களுக்குப் புரியல. புருவத்தச் சுருக்கினாங்க.

"ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாதுங்கத்தை. நான் தூரமே ஆகல. பொய் சொன்னேனுங்க. இப்பத்தான், இப்பத்தான் வருது."

திட்டுவாங்கன்னு நெனச்சேன். ஏன்டி எங்கிட்ட மறைச்சேன்னு கேப்பாங்க, பொய் சொல்லி சாமியப் பெட்டில போட வெச்சியேன்னு கேப்பாங்க, கேக்கட்டும்னு நின்னேன். அவங்க கைல இருந்த மாத்திர கீழ விழுந்துச்சு. ரெண்டு கையாலயும் என்னப் புடிச்சாங்க, தோள, அப்பறம் கைய, அப்பறம் மூஞ்சிய, எதப் புடிக்கறதுன்னு தெரியாம. உக்காருன்னாங்க. உக்காரப் போனா, வேண்டாம், நில்லுன்னாங்க. அசையாதன்னாங்க. எங்க குடும்பத்துல எத்தன பிரசவத்துக்கு மொத ஆளா ஓடினவங்க, ராத்திரில எந்த வீட்டுல கூப்பிட்டாலும் போறவங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. அவங்களுக்கும் என்னாட்டமே பயம். கழுத்துல தொங்கற கருவிய வாய்கிட்டத் தூக்கி, ஜெயசீலா, ஏ ஜெயசீலான்னு கத்தினாங்க. அதுல கேக்கத்தான் முடியும், பேச முடியாதுங்கத்தைன்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல. அதுக்கு அப்பறம் என்ன அந்த வெள்ளக்காரக் கெழவி கைல புடிச்சுக் குடுத்துட்டு, இவளப் பாத்துக்கோன்னு தமிழ்லயே சொல்லிட்டு, சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு வெளிய ஓடினாங்க. வெளிய கடைல எங்க ஆளுங்க எல்லாரும் கீசெயினு வாங்கிக்கிட்டிருந்தாங்க. கதவு வழியாக் கேட்டுச்சு. கண்ணு பட்டுரும், எவகிட்டயும் மூச்சு விடாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கின அத்தை, எங்க ஊர்க்காரங்க அத்தன பேரு முன்னாலயும், கடைக்கார வெள்ளக்காரங்க முன்னாலயும், தொண்டை கிழியக் கத்தினாங்க.

"எம் மருமக முழுகாம இருக்கறா. ரத்தம் படுது. எனக்கு ஒரு வண்டி வேணும், யாராச்சும் ஒரு வண்டி கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரில படுத்திருக்கேன். ஜெயசீலன் வெளிய ஃபாரம் எழுதிக் குடுத்துக்கிட்டிருக்கான். வண்டில வரும்போது பரணிக்கு அத்தையே போன் போட்டாங்க, போட்டுட்டு என் கைல குடுத்துட்டாங்க, ரெண்டு பேரும் அழுகறதத்தான் அவரு கேட்டாரு. ரூம்ல வெளிச்சத்தக் கொறச்சுட்டாங்க. சில்லுன்னு ஏதோ வயித்துல தடவறாங்க. டாக்டரு சின்னப் பொண்ணு, என் வயசுதான் இருக்கும், அவ ஸ்க்ரீனப் பாக்கறா, நான் அவ மூஞ்சியப் பாக்கறேன். பேச மாட்டேங்கறா. போன ரெண்டு தடவயும் பேசாமத்தான் இருந்தாங்க. பேசாம இருந்துட்டு, அப்பறம் சீனியர் டாக்டரக் கூப்பிட்டாங்க. இவளும் கூப்பிடுவா. கதவப் பாக்கப் போறா, இப்பப் பாக்கப் போறா. கருவிய இன்னும் அழுத்தறா, இந்தப் பக்கம் சாய்க்கறா, உதட்டக் கடிச்சுக்கிட்டுத் தேடறா. எதத் தேடறா, இருந்தாத்தான கிடைக்கும். அத்தை என் கால்மாட்டுல நின்னுக்கிட்டு எம் பாதத்த ரெண்டு கைலயும் புடிச்சுக்கிட்டிருக்காங்க, நகம் பதியற மாதிரி. வலிக்குது, விடுங்கன்னு சொல்லத் தோணல. டாக்டரு ஸ்க்ரீன என் பக்கம் திருப்பினா. கறுப்புக்கு நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு. இங்கிலீசுல சொன்னா. மெதுவா, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியோணும்னு சொன்னா. ரத்தம் இப்பக் கொஞ்சமாத்தான் இருக்கு, படுத்தே இருக்கோணும், நாளைக்கும் பாக்கோணும், இப்பவே எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன், ஆனா இதப் பாருன்னு அந்தப் பொட்டுக்கிட்ட விரல வெச்சுக் காட்டினா. பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன்.

"என்ன கண்ணு சொல்றா அவ?" அத்தை கேக்கறாங்க.

"துடிக்குதாமுங்கத்தை."

அத்தை ஸ்க்ரீனப் பாக்கல. டாக்டர் மூஞ்சியப் பாத்தாங்க, எம் மூஞ்சியப் பாத்தாங்க, எம் பாதத்த இன்னும் இறுக்கிப் புடிச்சாங்க.

"மறுக்கா ஒருக்கா கேளு கண்ணு," ன்னாங்க.

கேட்டேன்.